குடியிருப்புத் தெருக்களில் வண்டி வேகம்

தெருவென்றும் சாலையென்றும் நம் மக்கள் இருவேறு சொற்களை வழங்குவர். சாலையாவது ஓர் ஊரினின்றும் மற்றோர் ஊருக்குச் செல்வது. தெருவாவது ஒரு வீட்டினின்றும் மற்றொரு வீட்டிற்குச் செல்வது. சாலையில் மக்கள் போகின்றனர். தெருவில் மக்கள் இருக்கின்றனர். விடியலில் வாயில் தெளித்துக் கோலமிடுவதும், மாலையில் முதியோர் திண்ணையில் அமர்வதும், சிறுவர் பந்தாடுவதும், மணத்திற்குப் பந்தலிடுவதும் தெருவிலேதான். இவ்வேறுபாடு நம் பேச்சில் தெளிவாக இருப்பினும், மோட்டார் வண்டிகளின் வேகத்தை வரையறுக்கும் அறிவிப்புக்களில் நெடுங்காலமாக இடம்பெறாமையே இக்கட்டுரை எழுதப் புகுந்தமைக்குக் காரணமாம்.

நம் கல்லூரியிற் பயில்வோருள்ளும் பயின்று சென்றோருள்ளும் கள்ளக்குறிச்சிப் பக்கத்தார் சிலர் உளர். அவர்கட்கு அவ்வூரின் வளர்ச்சியை விரித்துரைத்தல் மிகை. விழுப்புரம் மாவட்டத்தில் ஒரு வட்டத்தின் தலைநகராயிருந்த கள்ளக்குறிச்சி, 2019-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில் தனி மாவட்டத்தின் தலைநகராயிற்று. அலுவலகங்கள் பெருகின, அலுவல் பற்றி வருவோர் பெருகினர், வண்டிகளும் பெருகின. சேலத்தையும் உளுந்தூர்ப்பேட்டையையும் இணைக்கும் தேசிய நெடுஞ்சாலை ஊரின் புறத்தே செல்கின்றது. உள்ளே துருகம் சாலையும் சேலம் சாலையும் கச்சிராயபாளையம் சாலையும் நாளெல்லாம் நெருக்கடியுடையன. நான்குமுனைச் சந்திப்பில் வண்டிகள் தேங்கி நிற்குங்கால், வழியறிந்த இருசக்கர வண்டியோட்டிகள் குறுக்கே ஒரு தெருவில் நுழைந்து மறுபுறம் வெளிப்படுகின்றனர். சாலையில் இழந்த காலத்தைத் தெருவில் மீட்க முயல்வதால், சாலையிற் சென்றதினும் விரைவாகத் தெருவிற் செல்கின்றனர். ஊரின் விரிவு காரணமாக நேற்றுவரை கழனியாயிருந்த இடங்களில் நேர்கோடாகத் தெருக்கள் வகுக்கப்பட்டுள்ளன. அந்நேர்மையே வேகத்திற்கு அழைப்பாக அமைகின்றது.

சில ஆண்டுகளுக்கு முன், எமக்கு நன்கறிமுகமான ஒரு வீட்டின் ஏழு வயதுச் சிறுமி, எதிர்ச்சிறகிலுள்ள கடையிற் கறிவேப்பிலை வாங்கிவரத் தெருவைக் கடந்தாள். நின்றிருந்த சரக்கு வண்டியொன்றின் மறைவினின்று அவள் வெளிப்பட்டபோது மோட்டார் சைக்கிளொன்று வந்து மோதியது. சிறுமி பிழைத்தாள், ஆயினும் இன்றும் வலக்காலைத் தாங்கித் தாங்கியே நடக்கின்றாள். ஓட்டிவந்த இளைஞன் அயலானல்லன்; அதே தெருவின் கோடிவீட்டுப் பிள்ளை; அவளைப் பெயர்சொல்லி அழைப்பவன். "கண்டவுடனே பிரேக்கை அழுத்தினேன் ஐயா" என்று அவன் எம்மிடம் திரும்பத் திரும்பச் சொன்னான். அவன் கூறியது பொய்யன்று என்றே யாம் நம்புகின்றோம். கண்டவுடன் அழுத்துவது எத்துணை வேகம் வரையிற் பயன்படும் என்பதே ஈண்டு ஆராயத்தக்கது.

கண் கண்டதை மனம் உணர்ந்து, மனம் ஏவக் கையோ காலோ பிரேக்கைப் பற்றுதற்கு, விழிப்புடைய ஓட்டிக்கும் ஏறக்குறைய ஒரு விநாடி செல்லும். அந்த ஒரு விநாடியில் வண்டி சிறிதும் வேகங்குறையாது ஓடிக்கொண்டேயிருக்கும். மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்திற் செல்லும் வண்டி ஒரு விநாடியில் 8.3 மீட்டர் கடக்கும். பிரேக் பற்றியபின், உலர்ந்த நல்ல தளத்தில், மேலும் 5 மீட்டர் ஓடி நிற்கும். ஆகக் கூடி 13.3 மீட்டர். நம் ஊர்களின் வரிசை வீடுகளில் இரண்டு மூன்று வீட்டு முகப்பின் அளவு என்று இதனைக் கொள்ளலாம்.

இனி அதே தெருவில், அதே குழந்தை, அதே 13.3 மீட்டர் தூரத்தில் வெளிப்படுகின்றதெனக் கொள்வோம். வண்டியின் வேகம் மட்டும் 50 என்று மாற்றுவோம். 50 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு விநாடிக்கு 13.9 மீட்டர் ஓடும். அஃதாவது, ஓட்டியின் கை பிரேக்கைப் பற்றுமுன்னரே வண்டி குழந்தையை அடைந்துவிடும். மோதும் வேகம் 45 அன்று, 40 அன்று, முழு 50-ஏயாம். நடுவிலுள்ள 40 கிலோமீட்டரை எடுத்துக்கொள்ளின், முதல் விநாடியில் 11.1 மீட்டர் போக, பிரேக்குக்கு எஞ்சுவது 2 மீட்டருக்குச் சற்றே மேற்பட்ட தூரம். அத்தூரத்துக்குள் வேகம் ஏறக்குறைய 35-ஆகக் குறையுமேயன்றி நில்லாது. ஆகவே 30-இற் செல்பவன் குழந்தையின் முன் நின்றுவிடுகின்றான். 40-இற் செல்பவன் 35-இல் மோதுகின்றான். 50-இற் செல்பவன் 50-இலேயே மோதுகின்றான். மூவருங் கண்டனர், மூவரும் ஒரே விநாடியில் அழுத்தினர், மூவருள் ஒருவனும் அஜாக்கிரதையுடையவன் அல்லன். கோடிவீட்டு இளைஞனின் சொல் மெய்யாயிருந்தும் அவனுக்கு உதவாமற் போனது இதனாலேதான்.

பௌதிகம் பயிலும் மாணவர் இதன் மறுபகுதியையும் அறிவர். ஓடும் பொருளின் இயக்க ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. வேகம் இருமடங்காயின் ஆற்றல் நான்மடங்கு. 60-இல் வரும் வண்டி 30-இல் வருவதைப்போல் இருமுறை அடிப்பதன்று, நான்குமுறை அடிப்பதாகும். வேறொரு வகையாற் கூறின், மணிக்கு 30 கிலோமீட்டர் என்பது 3.5 மீட்டர் உயரத்தினின்று விழும் பொருள் தரையைத் தொடும்போதுள்ள வேகம். ஒற்றைத்தள வீட்டின் மொட்டைமாடியினின்று விழுதலை ஒக்கும். 50 என்பது ஏறக்குறைய 10 மீட்டர் உயரத்து வீழ்ச்சி. மூன்றடுக்குக் கட்டடத்தின் உச்சி அது. மாடிக்குக் கைப்பிடிச்சுவர் கட்டாது குடிபுகும் பெற்றோர் எவருமிலர். அதே பெற்றோர் வாயிற்கதவைத் திறந்து மூன்றடுக்கு உயரத்து வீழ்ச்சிக்கு நிகரான வேகத்தினிடையே பிள்ளையை அனுப்புகின்றனர். அது கண்ணுக்கு உயரமாகத் தோன்றாமையின்.

குழந்தைகள் பார்த்துக் கடத்தல் வேண்டும் என்பர் சிலர். வேண்டுவதே. ஆனால் குழந்தையின் கண் பெரியோர் கண்ணைப் போன்றதன்று. இலண்டன் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த ராயல் ஹாலோவே கல்லூரியினர் நிகழ்த்தி 2011-ஆம் ஆண்டில் வெளிவந்த ஆராய்ச்சியொன்று இது பற்றியது. எதிரே நேராக வரும் வண்டி நகர்கின்றது என்பதை அதன் உருவம் கண்ணிற் பெருத்துக்கொண்டு வருவதாலேயே அறிகின்றோம். தொடக்கப்பள்ளி வயதுடைய சிறுவர்க்கு இப்பெருக்கத்தை உணரும் ஆற்றல் முதிர்ந்திலது. மணிக்கு 20 மைலுக்கு, அஃதாவது ஏறக்குறைய 32 கிலோமீட்டருக்கு மேற்பட்ட விரைவில் வரும் வண்டியின் வரவை அவர்கள் திண்ணமாக உணரவியலாது என்று அவ்வாராய்ச்சியாளர் கண்டனர். விரைந்து வரும் வண்டி அவர்கட்கு நிற்பதுபோலத் தோன்றலாம். வீட்டில் "பார்த்துப் போ" என்று சொல்லியனுப்பும் தாய்மார் இதனை அறிதல் நலம். பிள்ளை பார்த்தே போகின்றது. பார்த்தும் அதற்குத் தெரிவதில்லை.

நிற்க. வேகவரம்பு என்பது நேற்றுத் தோன்றிய எண்ணமன்று. மோட்டார் கார் பிறப்பதற்கு முன்னரே, நீராவியால் ஓடும் வண்டிகளுக்காக, இங்கிலாந்தில் 1865-இற் பிறந்த சட்டமொன்று ஊர்ப்புறத்தில் மணிக்கு 4 மைலும் நகரினுள் 2 மைலுமே செல்லலாமென்று விதித்தது. வண்டிக்கு 60 கஜம் முன்னே ஒருவன் செங்கொடி ஏந்தி நடத்தலும் வேண்டும். இதனை இன்று கேட்பார் நகைப்பர். 1896-இல் அக்கட்டு நீங்கியது. வரம்பு 14 மைலாயிற்று. 1903-இல் 20 மைலாயிற்று. பின்னர் 1930-ஆம் ஆண்டுச் சட்டம் கார்களுக்கு வரம்பே வேண்டா என்று விட்டுவிட்டது. 1934-இல் மட்டும் பிரிட்டனின் சாலைகளில் 7,343 பேர் மாண்டனர். அவருட் பெருந்தொகையினர் நடந்து சென்றோர். அவ்வாண்டே புதுச்சட்டம் இயற்றி, 1935 மார்ச்சு முதல் மக்கள் நெருங்கி வாழும் இடங்களில் 30 மைல் என்று மீண்டும் வரம்பிட்டனர். ஓட்டுநர்த் தேர்வும் நடப்போர் கடக்குமிடக் குறிகளும் அக்காலத்திலேயே வந்தமையால், பின் உண்டான குறைவையெல்லாம் வேகவரம்பு ஒன்றின் பயனென்றல் பொருந்தாது. ஆயினும் வரம்பை எடுத்துப் பார்த்தவர் தாமே ஐந்தாண்டிற்குள் அதனைத் திரும்ப இட்டமை நோக்கத்தக்கது.

அதன்பின் ஐரோப்பாவில் தெரு வேறு சாலை வேறு என்னுங் கொள்கை மெல்ல வேரூன்றியது. ஜெர்மனியில் புக்ஸ்டெஹூட என்னும் சிற்றூர் 1983-இல் 30 கிலோமீட்டர் வட்டாரமொன்றை அமைத்துப் பார்த்தது. ஆஸ்திரியாவின் கிராத்ஸ் நகரம் 1992-இல் பெருஞ்சாலைகள் நீங்கலாக நகர்முழுதும் 30 என்று விதித்தது. ஸ்பெயின் நாடு 2021-இல் ஒவ்வொரு திசைக்கும் ஒரே தடமுள்ள நகர்த்தெருக்கள் அனைத்திற்கும் அதனை விதியாக்கிற்று. பின்லாந்தின் தலைநகராகிய ஹெல்சிங்கியில் பாதிக்கு மேற்பட்ட தெருக்களில் வரம்பு 30. அந்நகரில் 2024 ஜூலை முதல் 2025 ஜூலை வரை ஓராண்டு முழுதும் சாலை விபத்தில் ஒருவரும் இறந்திலர். ஐக்கிய நாடுகளின் பொதுச்சபையும் 2021 முதல் 2030 வரையுள்ள பத்தாண்டில் சாலை மரணங்களைப் பாதியாகக் குறைத்தல் வேண்டுமென்று தீர்மானித்துள்ளது.

நம் நாட்டின் கணக்கு இவற்றோடு ஒப்பிடத் துன்பந்தருவது. மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கைப்படி 2022-இல் இந்தியச் சாலைகளில் மாண்டோர் 1,68,491 பேர். அவருள் தமிழ்நாட்டினர் 17,884 பேர். விபத்துக்களின் எண்ணிக்கையில் அவ்வாண்டு தமிழ்நாடே முதலிடம் பெற்றது. இறப்புக்களுள் நூற்றுக்கு எழுபதுக்கு மேற்பட்டவற்றிற்கு மிகுவேகமே காரணமென்று அவ்வறிக்கை கூறும். காவல் நிலையத்தில் எழுதப்படும் காரணங்களை முழுதும் நம்புதற்கில்லை என்பாரும் உளர். வேறொன்றும் எழுதத் தோன்றாதபோது 'மிகுவேகம்' என்று எழுதிவிடுவதுண்டு. அங்ஙனம் தள்ளுவன தள்ளினும் எஞ்சும் தொகை சிறிதன்று.

இனிச் சட்டத்தை நோக்குவோம். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 112-ஆம் பிரிவு வேகவரம்பைப் பற்றியது. அதன்கீழ் மத்திய அரசு 2018 ஏப்ரலில் வெளியிட்ட அறிவிப்பு விரைவுச்சாலை, நான்குவழிச் சாலை, நகராட்சி எல்லைக்குட்பட்ட சாலை, ஏனைச் சாலைகள் எனப் பகுத்து, நகராட்சி எல்லைக்குள் காருக்கு 70 என்றும் மோட்டார் சைக்கிளுக்கு 60 என்றும் உச்ச வரம்பிட்டது. அப்பகுப்பில் கடைத்தெருவும், பேருந்து செல்லும் பெருவழியும், முட்டுச்சந்தும், பள்ளிக்கூட வாயிலும் ஒன்றே. 'தெரு' என்பதொரு வகை அங்கில்லை. வேகங்களை உயர்த்தியது தகாதென்று சென்னை உயர்நீதிமன்றம் 2021-இல் அவ்வறிவிப்பை நீக்கித் தீர்ப்பளித்தது. அவ்வழக்கின் வரலாறு வேறு; நமக்கு ஈண்டு வேண்டுவது அப்பிரிவின் மற்றொரு பகுதி. பொதுமக்களின் பாதுகாப்புக் கருதியோ, ஒரு சாலையின் தன்மை கருதியோ, குறிப்பிட்ட இடத்திற் குறைந்த வேகத்தை விதிக்க மாநில அரசுக்கும், அதனால் அதிகாரம் பெற்றோர்க்கும் உரிமையுண்டு. அரசிதழில் அறிவித்து, அவ்விடத்திற் குறிப்பலகையும் நாட்டுதல் வேண்டும். அவ்வளவே. புதுச்சட்டம் வேண்டுவதில்லை.

இவ்வுரிமை வெற்றுரையன்று என்பதற்குச் சென்னையே சான்று. 2023 நவம்பரில் சென்னைப் பெருநகரப் போக்குவரத்துக் காவல்துறையினர் புதிய வரம்புகளை அறிவித்தனர். இலகுரக வண்டிகளுக்கு 60, கனரக வண்டிகளுக்கும் இருசக்கர வண்டிகளுக்கும் 50, ஆட்டோக்களுக்கு 40. குடியிருப்புப் பகுதிகளில் எவ்வகை வண்டியாயினும் 30. தெருவென்னும் வகை இவ்வாறு ஒரு தமிழ் நகரத்தின் வேகவிதியில் இடம்பெற்றது. சென்னைச் சிறுவர்க்கு வேண்டுவதாயின் கள்ளக்குறிச்சிச் சிறுவர்க்கும் சின்னசேலத்துச் சிறுவர்க்கும் வேண்டாததாமோ?

அறிவிப்பதனால் மட்டும் வண்டிகள் மெலிந்தோடா என்று கூறுவார்க்கு யாம் மறுப்புக் கூறோம். தெருவுக்கொரு காவலரை நிறுத்தலும் இயலாது. இதற்கு விடை கள்ளக்குறிச்சியார் நன்கறிந்த ஓரிடத்திலேயே உளது. கச்சிராயபாளையம் தாண்டிக் கல்வராயன் மலைமேல் வெள்ளிமலைக்கு ஏறுஞ் சாலையை நினைக்க. அங்கு வளைவுகளிற் காவலர் எவரும் நிற்பதில்லை. ஆயினும் கீழே நெடுஞ்சாலையில் 90-இற் பறந்தவனும் வளைவு வந்தவுடன் தானே 20-க்கு இறங்குகின்றான். ஒருபுறம் பாறை, மறுபுறம் பள்ளம், எதிரே வருவது தெரியாத திருப்பம். சாலையின் வடிவே அவனுக்குச் சட்டமாகின்றது. அவனே மலையிறங்கிச் சமவெளியூரின் நேர்தெருவில் நுழைந்தவுடன் மீண்டும் விரைகின்றான். ஆள் மாறவில்லை, வழியின் வடிவே மாறியது.

ஆதலால் தெருவின் வேகத்தைக் குறைக்க விரும்புவோர் தெருவின் வடிவைக் கருதுதல் வேண்டும். நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரத்தார் 1970-களில் இதனைச் செய்தனர்: நேர்வழியைச் சற்றே வளைத்து, மரமும் இருக்கையும் இடைவைத்து, வண்டி நடப்போரின் வேகத்திற் செல்லுமாறு தெருவை அமைத்தனர். நம் பழைய ஊர்களின் வளைந்த தெருக்கள் இப்பயனை ஓரளவு தாமே தருவன. அவற்றை 'அகலமாக்கி நேராக்குதல்' முன்னேற்றமென்று கருதுவோர் இதனையும் எண்ணுதல் நன்று.

நம்மவர் கையாளும் வழி வேகத்தடை. ஒரு சிற்றூரில் வண்டி மோதி ஒருவர் இறப்பின், உறவினரும் ஊராரும் சாலையில் அமர்ந்து மறியல் செய்வதும், அதிகாரிகள் வந்து 'வேகத்தடை அமைத்துத் தருகின்றோம்' என்றபின் எழுவதும் நாளிதழ்களிற் காணும் வழக்கம். படித்தோர் சிலர் இதனை வெறுங் கூச்சலென்று இகழ்வர். யாம் அங்ஙனம் கருதோம். அறிவிப்பும் அரசிதழும் அறியாத மக்கள், தம் வாயிலிற் செல்லும் வண்டியின் வேகத்தைத் தாம் வரையறுக்கக் கோரும் விண்ணப்பமே அது; ஓர் உயிர் போனபின்னரே அவ்விண்ணப்பம் செவியேறுகின்றது என்பதே வருந்தத்தக்கது.

ஆனால் அவசரத்தில் எழும் வேகத்தடையாற் கேடும் உண்டு. சாணளவு அகலத்திற் செங்குத்தாகச் சிமெண்டைக் குவித்து, வர்ணமும் பூசாது விட்டுவிடுகின்றனர். இரவில் அதனைக் காணாது இருசக்கர வண்டியின் பின்னே அமர்ந்துவரும் பெண்டிர் தூக்கியெறியப்படுகின்றனர். இந்தியச் சாலைக் காங்கிரஸ் இதற்கு அளவு வகுத்துள்ளது: 3.7 மீட்டர் அகலமும், நடுவில் 10 சென்டிமீட்டர் உயரமும் உடையதாய், வில்போல் மெல்ல ஏறி மெல்ல இறங்குதல் வேண்டும். மணிக்கு 25 கிலோமீட்டரிற் கடப்போர்க்கு அது நோவு செய்யாது. 50-இற் கடப்போரைக் குலுக்கும். முன்னறிவிப்புப் பலகையும் வெள்ளைக் கோடுகளும் உடனிருத்தல் வேண்டும். சாணளவுத் தடைக்கும் இதற்கும் செலவில் வேறுபாடு உண்டெனினும், ஒரு கால்முறிவின் மருத்துவச் செலவினும் அது பெரிதாகாது.

காலம் வீணாகுமென்னுந் தடையொன்றுளது. கணக்கிடுவோம். ஒரு கிலோமீட்டர் நீளமுள்ள தெரு நம் சிறு நகரங்களில் அரிது. அத்துணை நீளத்தை 30-இற் கடக்க 120 விநாடி; 50-இற் கடக்க 72 விநாடி. மிச்சம் 48 விநாடி. கால் கிலோமீட்டர்த் தெருவாயின் 12 விநாடி. ஒரு வாய்த் தண்ணீர் குடிக்கும் நேரம். கரும்பேற்றி மூங்கில்துறைப்பட்டு ஆலைக்கோ கச்சிராயபாளையத்து ஆலைக்கோ செல்லும் டிராக்டர்களும், சரக்கு லாரிகளும், பேருந்துகளும் சாலையிற் செல்வனவேயன்றித் தெருவிற் செல்வன அல்ல. அவற்றிற்கு இவ்வரம்பால் இழப்பொன்றுமில்லை. சிற்றூர்களிற் சாலையே தெருவாகவும் இருப்பதும், மக்காச்சோளமும் எள்ளும் அதன்மீதே உலர்வதும் வேறொரு சிக்கல். களம் அமைத்துத் தருதலும், ஊரெல்லையில் வேகத்தை இறக்குதலும் ஒருங்கே செய்தாலன்றி அது தீராது. அதனைப் பிறிதொரு கட்டுரையில் ஆராய்தல் தகும்.

விடுமுறையில் ஊர்செல்லும் மாணவர் இப்பாடத்தைத் தம் தெருவிலேயே செய்து பார்க்கலாம். தெருவின் ஓரத்தில் நாடாவால் 50 மீட்டர் அளந்து இரு முனைகளிலும் சுண்ணாம்புக் கோடு இடுக. ஒரு வண்டி முதற்கோட்டைத் தொடும்போது கடிகாரத்தைத் தொடங்கி, மறுகோட்டைத் தொடும்போது நிறுத்துக. 6 விநாடியாயின் வேகம் 30. 3.6 விநாடியாயின் 50. 3 விநாடியாயின் 60. வண்டியின் எண்ணையோ ஓட்டுவார் பெயரையோ குறிக்க வேண்டா. நேரமும் வேகமும் போதும். ஒரு வாரத்துக் கணக்கோடு, தெருவின் படத்தையும் அதில் உள்ள பள்ளி, கடை, குழாயடி இவற்றின் இடத்தையும் சேர்த்து, மாவட்ட ஆட்சியர் தலைமையிற் கூடும் சாலைப் பாதுகாப்புக் குழுவிற்கு விண்ணப்பமாக அனுப்பலாம். வெறும் முறையீட்டினும் அளவோடு கூடிய தாளுக்கு அலுவலகங்களில் மதிப்பு மிகுதி என்பது எம் அனுபவம்.

முன்னர்க் கூறிய அத்தெருவில் யாம் இதனைச் செய்தபோது கடிகாரம் பிடித்தவன் கோடிவீட்டு இளைஞனே. மாலை ஐந்து மணி முதல் ஆறு மணி வரை நின்றோம். ஆறு எண்ணுமுன் கோட்டைக் கடந்த வண்டிகளை அவன் ஒரு தாளில் எழுதிவந்தான். எழுதும்போதே, இன்னது இன்னார் வீட்டு வண்டி என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டான். ஒன்றிரண்டு நீங்கலாக எல்லாம் அத்தெருவினருடையனவே.